சுவரில் பூசணம்! அட்வான்சில் கை!!

மழைக்குப் பின் வாடகை வீடுகளில் நடக்கும் மல்லுக்கட்டு

சென்னை, டிச.-

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால், மழை விட்டும் சுவர் விடவில்லை என்கிறார்கள்!

பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்பாய் ஒரு படலம். பரணில் இருந்து பெட்டியை இறக்கினால் கல்யாணக் கூறைப்புடவையில் வட்டம் வட்டமாய்ச் சாம்பல் திட்டு. பையனின் மார்க் ஷீட் பைல் பிசுபிசுக்கிறது. ஆணியில் மாட்டிய தோல் பெல்ட்டில் பச்சை முளைத்திருக்கிறது.

கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த மக்கிய வாடை வேறு!

திருவல்லிக்கேணி, சிந்தாதிரிப்பேட்டை ஒண்டுக்குடித்தனம் என்றில்லை. வேளச்சேரி தரைத்தள வீடு, முடிச்சூர் தனி வீடு, நேற்று கட்டிய அடுக்குமாடி பிளாட் - எல்லா இடத்திலும் பூசணம் பூத்து விடுகிறது. ஏழை, பணக்காரன் பேதம் அதற்குக் கிடையாது.

பேதம் எல்லாம் அடுத்த கட்டத்தில்தான். சொந்த வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிடுகிறார். வாடகைக்கு இருப்பவர் யாரைக் கூப்பிடுவது?

யார் குற்றம்?

இந்தப் பேச்சு பல வீடுகளில் கேட்கும் பேச்சு.

"மாமி, ரூம் மூலையெல்லாம் கறுத்துப் போச்சு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"ஜன்னலைத் திறந்தாத்தானே! ராத்திரி பகலா துணியை உள்ளேயே காயப்போட்டா சுவரு என்ன பண்ணும்?"

"மழை பெஞ்சா மேல இருந்து சொட்டுதே, மாமி."

"உங்களுக்கு முன்னால இருந்தவங்க அஞ்சு வருஷம் இருந்தாங்க. ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது!"

அதோடு பேச்சு முடிந்தது. குடித்தனக்காரர் தானே ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி அடித்து விடுகிறார். இரண்டு மாதம் சுவர் பளபளக்கிறது. மூன்றாம் மாதம் பெயிண்டுக்கு மேலே மறுபடியும் கரும்புள்ளி!

கடைசியில் வீட்டைக் காலி செய்யும்போதுதான் கூத்து. "சுவரையெல்லாம் பாழ் பண்ணிட்டீங்க" என்று அட்வான்சில் ஒரு பெருந்தொகையைப் பிடித்துக் கொள்கிறார்கள். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, புது வீட்டு அட்வான்சுக்கு அந்தப் பணத்தையே நம்பி இருக்கும் குடும்பம் என்ன செய்யும்? கிடைத்ததை வாங்கிக் கொண்டு வண்டி ஏற வேண்டியதுதான்.

இத்தனைக்கும் காரணம் ஒரே கேள்விக்கு யாரும் பதில் தேடாததுதான். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அது தெரிந்து விட்டால், பணம் யார் கையில் இருந்து போக வேண்டும் என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

பூசணம் தானாக வருவதில்லை. அதன் வித்து கண்ணுக்குத் தெரியாத தூசியாக எல்லா வீட்டுக் காற்றிலும் மிதக்கிறது. ஈரம் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு முளைக்கிறது. ஈரத்தை நிறுத்தாமல் பூசணத்தை மட்டும் துடைப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போல!

இரண்டு வயதுக் குழந்தை

"புள்ளிதானே, போகட்டும்" என்று விடுகிறவர்கள் இங்கிலாந்தில் நடந்ததைக் கேட்க வேண்டும்.

ராச்டேல் என்ற ஊர். சூடானில் இருந்து குடியேறிய ஒரு குடும்பம், பொது வீட்டுவசதி நிறுவனம் ஒன்றின் ஒரு படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருந்தது. 2017-லேயே தகப்பனார் பூசணம் பற்றிப் புகார் சொன்னார். மேலே பெயிண்ட் அடித்துக் கொள்ளுங்கள் என்று பதில் வந்தது!

2020 டிசம்பரில் அந்த வீட்டுக் குழந்தை அவாப் இஷாக் மூச்சுக் கோளாறால் இறந்து போனது. வயது இரண்டு. வீட்டில் இருந்த பூசணத்தை நீண்ட நாள் சுவாசித்ததுதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்புச் சொன்னார்.

நாடே கொதித்தது. குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல் அது அங்கே அமலில் இருக்கிறது. பொது வீட்டுவசதி வீடுகளில் ஆபத்தான ஈரம், பூசணம் என்று புகார் வந்தால் 10 வேலை நாளுக்குள் விசாரிக்க வேண்டும். உயிருக்கு அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரம்தான் கெடு!

நம் ஊரில் அப்படி நாள் கணக்கு வைத்த பூசணச் சட்டம் இல்லை. ஆனால் மூச்சுக் குழாய் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஈர வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டி நூல் போட்டுச் சொல்லி விட்டது. கைக்குழந்தை, வயதானவர், இளைப்பு நோய்க்காரர் இருக்கும் வீட்டில் அலட்சியம் கூடாது.

வீண் பீதியும் வேண்டாம். 2021-ல் கொரோனாவோடு வந்த 'கருப்பு பூஞ்சை' பலரை ஆட்டிப் படைத்தது. அன்று முதல் சுவரில் கறுப்பைக் கண்டாலே சிலருக்கு நடுக்கம். அந்த நோய் வேறு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களைத்தான் அது பெரும்பாலும் தாக்கியது. சதை அழுகிக் கறுத்ததால் அந்தப் பெயர் வந்தது. சுவரின் கறுப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

பால் கவர் பரிசோதனை

சரி, தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி? இதற்குப் பெரிய என்ஜினீயர் வேண்டாம்.

காலிப் பால் பாக்கெட் ஒன்றைக் கழுவித் துடைத்து, வெட்டி விரியுங்கள். ஈரம் இருக்கும் சுவரில் அதை வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள்.

பிரித்துப் பார்த்தால், சுவரைத் தொட்டுக் கொண்டிருந்த பக்கத்தில் முத்து முத்தாய் நீர் இருக்கிறதா? ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. வெளிப்பக்கம்தான் நனைந்திருக்கிறதா? அறைக் காற்றின் ஈரம் சுவரில் படிகிறது. முதலாவது பெரும்பாலும் வீட்டுக்காரர் பாடு. இரண்டாவது பெரும்பாலும் குடித்தனக்காரர் பாடு.

சுவருக்குள் இருந்துதான் என்றால், அடுத்து அது நிற்கும் உயரத்தைப் பாருங்கள்.

தரையில் இருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் உப்பிக்கொண்டு, பெயிண்ட் பொரிந்து, வெள்ளையாய் மாவு கொட்டுகிறதா? அது அடியில் இருந்து ஏறும் ஓதம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி செங்கல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. கட்டும்போதே அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் ஒரு தடுப்புக் கொடுத்திருக்க வேண்டும். அது இல்லாத வீடு, அல்லது கெட்டுப்போன வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற தரைத்தள வீடுகளில், தண்ணீர் வடிந்த பிறகும் சுவர் காய மாதக்கணக்கில் ஆனது இதனால்தான்.

அந்த வெள்ளை மாவு எல்லாமே பூசணம் அல்ல. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து போனால் உப்பு. வழவழத்தால் பூசணம்.

கூரையில் பழுப்புக் கரை போட்ட வட்டம் இருந்து, ஒவ்வொரு மழைக்கும் பெரிதானால் மொட்டை மாடியைப் பாருங்கள். தட்டோடு விரிசல் விட்டிருக்கும். அல்லது மழைத் தண்ணீர் போகும் வாயில் அரச இலை அடைத்திருக்கும். இலையை எடுத்தாலே தீர்ந்துவிட்ட கதைகளும் உண்டு.

சித்திரை வெயிலிலும் ஒரு இடம் ஈரமாகவே இருந்தால், மழையின் மேல் பழி போட முடியாது. பக்கத்து பாத்ரூம், மேல் மாடி பாத்ரூம், சுவருக்குள் ஓடும் குழாய் - மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. மேல் வீட்டுக்காரர் சம்மதித்தால் அவர் பாத்ரூம் தரையில் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாம். உங்கள் கூரையில் ஆரஞ்சு நிறம் இறங்கினால் சாட்சி வேறு வேண்டாம்!

பிளாட்டில் இதுதான் பெரிய தலைவலி. கசிவது மூன்றாம் மாடியில். நனைவது இரண்டாம் மாடியில். இரண்டாம் மாடி ஓனர் வெளிநாட்டில். மூன்றாம் மாடிக்காரர், "எங்க பாத்ரூம்ல ஒரு பிரச்சினையும் இல்லையே" என்பார். அவருக்கு இல்லைதான்! இங்கே குடித்தனக்காரர் நேராகச் சண்டைக்குப் போகக் கூடாது. தன் ஓனருக்கு எழுத வேண்டும், சங்கத்துக்கு நகல் கொடுக்க வேண்டும். மேல் வீட்டோடு பேச வேண்டியது ஓனர்.

பழைய வீடுகளில் இன்னொரு கோளாறு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் மிச்சம் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டும் விடும். பழுது பார்க்கிறேன் என்று அதன் மேல் சிமென்ட் பூசி, அதற்கும் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் சுவருக்கு மூச்சு முட்டுகிறது. ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. காசைக் கொட்டி நோயை வாங்கிய கதைதான்!

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் 1960-ம் வருடத்து வாடகைச் சட்டம் போய்விட்டது. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணையை ஒரு முறை படித்தால் பாதிச் சண்டை தீரும்.

கட்டிடத்தின் அமைப்பைச் சேர்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின்சார ஒயரிங் - இவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கக்கூஸ், வாஷ் பேசின் ரிப்பேர், ஸ்விட்ச், பிளக், பூட்டு, கொசு வலை, ஜன்னல் கண்ணாடி - இவை குடித்தனக்காரர் பொறுப்பு. குடித்தனக்காரர் உடைத்ததால் வந்த சேதம் அவர் தலையில்தான்.

ஆக, மாடி ஒழுகினால் வீட்டுக்காரர். சுவருக்குள் குழாய் வெடித்தால் வீட்டுக்காரர். வாஷ் பேசின் சொட்டி மூலை பூத்தால் நீங்கள்!

ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பொறுப்பு மாறலாம். "காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம்" என்று ஒரு வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

எழுதிக் கேட்டும் வீட்டுக்காரர் ரிப்பேர் செய்ய மறுத்தால், குடித்தனக்காரர் தானே செய்து வாடகையில் கழித்துக் கொள்ளலாம் என்கிறது சட்டம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. 12 ஆயிரம் வாடகை என்றால் மாதம் 6 ஆயிரம் வரைதான். வீடு குடியிருக்கவே லாயக்கில்லை என்ற நிலைமை வந்தால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம், அல்லது வாடகை அதிகாரியிடம் போகலாம். துணை கலெக்டர் அந்தஸ்தில் உள்ள அதிகாரி அவர்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. கூடவே, "வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்று ஒரு வால். அந்த வாலைப் பிடித்துக் கொண்டுதான் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது! காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

இதற்கெல்லாம் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அது வாடகை அதிகாரியிடம் பதிவாகிப் பதிவு எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். "நம்ம ஆளுங்கதானே, பேப்பர் எதுக்கு" என்று வாய்ப் பேச்சில் குடி போனவர்களுக்கு வழக்கு என்று வந்தால் திண்டாட்டம்தான்.

வாயால் சொல்லாதீர்கள்!

பூசணச் சண்டையில் ஜெயிப்பது குரல் அல்ல. தேதி.

குடி போகும் அன்றே எல்லா அறையையும், பரணையும், பாத்ரூம் மூலையையும் போனில் படம் எடுங்கள். வீட்டுக்காரருக்கும் அனுப்பி விடுங்கள். முதல் புள்ளி தெரிந்த அன்றைக்கு ஒரு படம். மழைக்கு மறுநாள் ஒரு படம். "இன்ன தேதியில் இன்ன இடத்தில் ஒழுகுகிறது, தயவு செய்து சரி செய்து தரவும்" என்று நாலு வரி வாட்ஸ்அப்பில் போடுங்கள். பதில் இல்லாவிட்டால் அதையே காகிதத்தில் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மரியாதையாக எழுதுங்கள். நாளைக்கு அதிகாரி படிக்கப் போவது அதைத்தான்.

போனில் அரை மணி நேரம் கத்தியதற்கு எந்த அத்தாட்சியும் கிடையாது.

வீட்டுக்காரர் பக்கம்

நியாயம் என்றால் இரண்டு பக்கமும் பேச வேண்டும். எல்லா வீட்டுக்காரரும் பணமுதலை அல்ல. பென்ஷனோடு இந்த ஒரு போர்ஷன் வாடகையையும் சேர்த்துக் காலம் தள்ளும் பெரியவர்கள் இந்த ஊரில் ஏராளம். மொட்டை மாடித் தளத்தைப் பெயர்த்துப் போட, பல மாத வாடகை ஒரேயடியாய்ப் போய்விடும்.

ஏ.சி. ஓடுகிறது என்று வருடம் முழுக்க ஜன்னலைத் திறக்காத குடித்தனங்களும் உண்டு. படுக்கை அறையில் கொடி கட்டி ஈர ஜீன்ஸ் காயப்போடுகிறார்கள். இட்லிக் குண்டான் ஆவி முழுக்க அறைக்குள். எக்சாஸ்ட் பேன் போட்டால் கரண்ட் பில் ஏறுமாம்! அங்கே பூத்த பூசணத்துக்கு வீட்டுக்காரர் எப்படிப் பொறுப்பு? பால் கவர் அவருக்கும் சேர்த்துத்தான் சாட்சி சொல்லும்.

துடைப்பது எப்படி?

முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். பிறகுதான் துடைப்பு.

காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள். வித்து வீடு முழுக்கப் பறக்கும். அந்த நேரம் மின்விசிறியும் வேண்டாம். என்-95 முகக்கவசம், கையுறை போட்டுக் கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, தேய்த்துத் துடையுங்கள். துணியைத் தூக்கிப் போட்டு விடுங்கள். பிறகு ஜன்னலைத் திறந்து, மின்விசிறி போட்டு, அன்றைக்கே காய வையுங்கள். இளைப்பு இருப்பவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் ஜாக்கிரதை! பாத்ரூம் ஆசிட்டோடு அது சேர்ந்தால் குளோரின் விஷ வாயு கிளம்பும். பூட்டிய பாத்ரூமுக்குள் இரண்டையும் கலப்பது உயிரோடு விளையாடுவது.

மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் படர்ந்திருந்தால் நீங்களே இறங்க வேண்டாம். ஆள் வைத்துப் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டிய வேலை அது.

ஈரச் சுவரில் உள்ள ஸ்விட்ச் போர்டைத் தொட்டால் 'ஜிவ்' என்கிறதா? பூசணத்தை மறந்துவிட்டு மெயினை அணையுங்கள். எலெக்ட்ரீஷியன்தான் முதலில்.

பீரோவைச் சுவரில் ஒட்டாமல் அரையடி தள்ளிப் போடுங்கள். காற்றுப் போகட்டும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை அது உறிஞ்சாது. பட்டுப்புடவையை நிழலில் ஆற வைத்து, பிரித்து மடித்து வைப்பதுதான் பாட்டி காலத்து வைத்தியம், இன்றைக்கும் அதுதான். பஞ்சு மெத்தைக்குள் பூசணம் இறங்கியிருந்தால் ஆசைப்படாதீர்கள், எறிந்து விடுங்கள்.

மே மாத மாயம்

பள்ளிக்கூட லீவில்தான் வீடு மாற்றுகிறோம். ஏப்ரல், மே. அக்கினி வெயிலில் எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். அதன் மேல் புதுப் பெயிண்ட் வேறு. தரகர் கதவைத் திறந்ததும் வீடு அரண்மனையாய்த் தெரிகிறது!

பெயிண்டைப் பார்க்காதீர்கள். அலமாரியைத் திறந்து முகருங்கள். பரணில் எட்டிப் பாருங்கள். சுவரை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் பூச்சு பிடி விட்டிருக்கிறது. இடுப்பு உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டிய படுக்கை அறை என்றால், ஏன் என்று கேளுங்கள். மேலே யார் பாத்ரூம் என்று கேளுங்கள்.

தரகர் சொல்லாததைத் தெரு முனையில் இஸ்திரி போடுகிறவர் சொல்வார். அவருக்குத் தெரியாத வீடு அந்தத் தெருவில் இல்லை.

பொங்கல் வெள்ளை

இன்னும் சில நாளில் பொங்கல் வரும். வெள்ளையடிக்க ஆள் அனுப்புவார் வீட்டுக்காரர். நல்ல மனசுதான், மறுக்க வேண்டாம். ஒழுகிய சுவரை மட்டும் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் சித்திரைக்குள் கொப்புளித்து உரியும். ஒழுகலை இப்போது அடைத்துவிட்டு, மாசி பங்குனி வெயிலில் சுவரைக் காயவிட்டு, பழைய பூச்சைச் சுரண்டிப் பூசிய பிறகு பெயிண்ட் அடித்தால் நிற்கும். "பொங்கலுக்குச் சுவர் இப்படி இருந்தா பாக்க நல்லாவா இருக்கு?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டால், ஒரு காலண்டரை மாட்டிக் கொள்ளலாம். சுவரை ஒட்டாமல், கொஞ்சம் தள்ளி!